எல்லாரும் மியூட்டில்... ஐடியா எங்கே?

போன இதழில் வேறொரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, போகிற போக்கில் "ஐடியா யோசிப்பதற்கு வீடியோ காலைப் போல மோசமான இடம் இல்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அதற்குத்தான் இந்த முறை இவ்வளவு கடிதங்கள். பாதிப் பேர் ஆமாம் என்கிறார்கள். மீதிப் பேர், "நாங்கள் ஆளுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறோம், வீடியோ காலும் கூடாது என்றால் அப்புறம் எங்கே போய் யோசிப்பது?" என்று சண்டைக்கு வருகிறார்கள். நியாயமான சண்டைதான். அதனால் இந்த முறை முழுப் பகுதியும் இதற்கே.

கேள்வி: எங்கள் டீமில் பதினோரு பேர், எல்லாருக்கும் வீட்டிலிருந்துதான் வேலை. மாதம் ஒருமுறை பிரெயின்ஸ்டார்மிங் என்று, சேர்ந்து ஐடியா யோசிக்க ஒரு மணி நேரம் வீடியோ காலில் கூடுகிறோம். "யாருக்காவது ஐடியா இருக்கா?" என்று கேட்டதும் மயான அமைதி. அப்புறம் வழக்கமான அந்த இரண்டு பேர் பேசுவார்கள், நேரம் முடிந்துவிடும். மற்ற ஒன்பது பேரும் திறமைசாலிகள்தான், தனியாகக் கேட்டால் நன்றாகவே சொல்கிறார்கள். கூட்டத்தில் மட்டும் ஏன் வாய் திறப்பதில்லை?
- ஒரு டீம் லீட்

பதில்: தனியாகக் கேட்டால் சொல்கிறார்கள் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அப்படியானால் தனியாகவே கேட்டுவிடுங்களேன்!

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 நிமிடம், 11 பேர். எல்லாரும் சமமாகப் பேசினால்கூட ஆளுக்கு ஐந்தரை நிமிடம் தேறாது. மீதி நேரம் முழுக்க ஒவ்வொருவரும் மற்றவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படிக் கேட்டுக்கொண்டிருக்கும்போது மனதில் ஒன்று தோன்றினால் அதை மறந்துவிடாமல் இறுக்கிப் பிடித்து வைக்க வேண்டும், பிடித்து வைத்திருக்கும் வரை புதிதாக வேறு எதுவும் தோன்றாது, நம் முறை வருவதற்குள் யாரோ ஒருவர் அதற்குப் பக்கத்தில் எதையாவது சொல்லிவிடுவார், நாமும் "சரி, கிட்டத்தட்ட அதேதானே" என்று விட்டுவிடுவோம். டீல், ஸ்ட்ரோபே என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1987-ல் இதைத்தான் சோதித்தார்கள். மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற பயம், கும்பலோடு கும்பலாக ஒதுங்கிக்கொள்ளும் சோம்பல், முறைக்குக் காத்திருப்பது என்று ஒவ்வொரு காரணத்தையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்ததில், ஐடியாக்களை அதிகம் சாப்பிடுவது காத்திருப்புதான் என்று வந்தது.

இந்தப் பிரெயின்ஸ்டார்மிங்கைப் பிரபலமாக்கியவர் அலெக்ஸ் ஆஸ்போர்ன் என்ற அமெரிக்க விளம்பரத்துறைக்காரர். 1948-லும் 1953-லும் வந்த அவருடைய புத்தகங்கள் வழியாகத்தான் இது உலகம் முழுக்கப் பரவியது. அவர் சொன்ன விதிகளில் எனக்கு ஒரு குறையும் இல்லை: யோசிக்கும்போது குறை சொல்லாதே, நிறையச் சொல், கிறுக்குத்தனமாக இருந்தாலும் சொல், அடுத்தவர் சொன்னதன் மேல் கட்டு. ஆனால் கூட்டமாக யோசித்தால் ஒரு ஆளுக்கு இரண்டு மடங்கு ஐடியா வரும் என்றும் அவர் சொன்னார். 1958-ல் யேல் பல்கலைக்கழகத்தில் அதைச் சோதித்தார்கள். நான்கு பேரைச் சேர்ந்து யோசிக்கச் சொன்னார்கள், வேறு நான்கு பேரைத் தனித்தனியாக யோசிக்கச் சொல்லி, திரும்பத் திரும்ப வந்ததைக் கழித்துவிட்டு மொத்தத்தைக் கூட்டினார்கள். இரண்டு மடங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு, ஆனால் தனித்தனியாக யோசித்தவர்கள் பக்கம்!

இவை எல்லாமே நேரில் உட்கார்ந்தவர்களின் கதை. ஆன்லைனில் இன்னொரு தொல்லையும் சேர்கிறது. ஒருவர் பேசி முடித்ததற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் நடுவே இயல்பாக விழும் இடைவெளி கிட்டத்தட்ட 0.2 வினாடிதான் என்று, பத்து மொழிகளை ஒப்பிட்ட 2009-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று சொல்கிறது. நம் காலில் குரல் போய்ச் சேர்வதற்கே அந்த அளவு நேரம் ஆகிவிடலாம். குரல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக 150 மில்லி வினாடிக்குள் இருந்தால்தான் உரையாடல் இடறாது என்பது சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. வீட்டு வைஃபையில் அது எங்கே ஒழுங்காகக் கிடைக்கிறது? இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஆரம்பிப்பார்கள். "நீங்க சொல்லுங்க." "இல்ல இல்ல, நீங்க சொல்லுங்க." "இல்ல, பரவாயில்ல, நீங்களே." இது இரண்டு தடவை நடந்தால் போதும், கூச்ச சுபாவம் உள்ளவர் மியூட்டைப் போட்டுவிட்டு மெயில் பார்க்கப் போய்விடுவார்.

அடுத்த மாதம் இப்படிச் செய்து பாருங்கள். கேள்வியை முந்தின நாளே அனுப்பிவிடுங்கள். கால் தொடங்கியதும் இரண்டு நிமிடம் நலம் விசாரிப்பு. பிறகு பத்து நிமிடம் எல்லாரும் மியூட், கேமராவும் வேண்டாம், ஆளாளுக்குத் தன் நோட்டிலோ நோட்பேடிலோ எழுத வேண்டும். குறைந்தது ஐந்து ஐடியா, மூன்றாவது கிறுக்குத்தனமாக இருந்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிடுங்கள் (இந்த ஒரு நிபந்தனை செய்யும் வேலையை நேரில் பார்த்தால்தான் நம்புவீர்கள், "கிறுக்குத்தனமாக எழுதணும்னு சொன்னீங்களே" என்ற சாக்கில்தான் ஆட்கள் உண்மையில் நினைப்பதை எழுதுகிறார்கள்). பத்தாவது நிமிடம் முடிந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் பொது ஷீட்டில் (எல்லாரும் ஆன்லைனில் திறந்து எழுதக்கூடிய கூகுள் ஷீட் மாதிரி ஒன்று) ஒட்ட வேண்டும். எழுத எழுத ஒட்டக் கூடாது, ஒட்டினால் முதலில் ஒட்டியவரின் பாதையிலேயே மற்ற பத்துப் பேரும் போவார்கள்.

இது பிடித்துப்போனால் அடுத்த கட்டமாக 6-3-5 முறை. 1968-ல் பெர்ன்ட் ரோர்பாக் என்ற ஜெர்மானியர் கொண்டுவந்தது. ஆறு பேர், ஆளுக்கு மூன்று ஐடியா, ஐந்து நிமிடம், பிறகு தாளைப் பக்கத்து ஆளிடம் தள்ளிவிட வேண்டும், அவர் அதைப் படித்துவிட்டு அதன் மேல் மூன்று சேர்ப்பார். ஆறு சுற்றில், அதாவது அரை மணி நேரத்தில், 108 ஐடியா. ஆன்லைனில் தாளுக்குப் பதில் ஷீட்டில் ஆளுக்கு ஒரு டேப். மணி அடித்ததும் எல்லாரும் வலப்பக்கத்து டேபுக்கு நகர வேண்டும், கடைசி டேபில் இருப்பவர் முதல் டேபுக்கு. உங்களிடம் பதினோரு பேர் என்பதால் ஆறு பேருக்கு ஒரு ஷீட், ஐந்து பேருக்கு ஒரு ஷீட். 108 என்ற எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம், நான் நடத்தியவற்றில் பாதிக்கு மேல் ஒன்றையே வேறு வார்த்தையில் எழுதியதாகத்தான் இருக்கும். ஆனால் நான்காவது, ஐந்தாவது சுற்றில், தான் தொடங்கிய ஐடியாவை யாரோ எங்கேயோ கொண்டுபோய் விட்டிருப்பதைப் பார்த்து ஒருவர் மியூட்டை எடுத்துச் சிரிப்பார் பாருங்கள், அதற்காகவே நடத்தலாம்.

கேள்வி: நாங்கள் எல்லாரும் கலகலவென்று பேசித்தான் ஐடியா பிடிக்கிறோம். கால் முடியும்போது "செம செஷன்" என்று எல்லாரும் சொல்கிறார்கள். எங்களுக்கு ஒத்துவருகிறதே, நீங்கள் ஏன் குறை சொல்கிறீர்கள்?
- கலகலப்பான வாசகி

பதில்: செம செஷன்தான், சந்தேகமே இல்லை. ஆனால் கூட்டமாக யோசித்தவர்கள் எப்போதுமே நிறையச் சாதித்ததாக உணர்வார்கள், எண்ணிப் பார்த்தால் அவ்வளவு இருக்காது என்பதும் ஆய்வுகளில் மறுபடி மறுபடி வந்திருக்கிறது. மற்றவர் சொன்னதும் நம் மனதில் நம்முடையதாகப் பதிந்துவிடுகிறது, காதில் நிறைய விழுந்தது, அதனால் நிறைய யோசித்தோம் என்று தோன்றுகிறது. ஒரு தடவை மட்டும் பேச்சுக்கு முன்னால் பத்து நிமிட எழுத்தை வைத்துவிட்டு, பட்டியலைப் பழைய பட்டியலோடு பக்கத்தில் வைத்து எண்ணுங்கள். உங்களுடையதே நீளமாக இருந்தால் எனக்கு எழுதுங்கள், அடுத்த இதழில் ஒப்புக்கொள்கிறேன்.

கேள்வி: "வாடிக்கையாளர் அனுபவத்தை மேம்படுத்துவது எப்படி?" இதுதான் நாங்கள் கொடுத்த தலைப்பு. நீங்கள் சொல்வதுபோல முன்கூட்டியே எழுதித்தான் கேட்டோம். வந்ததெல்லாம் சப்பென்று இருக்கிறது.
- ஒரு ப்ராடக்ட் மேனேஜர்

பதில்: தலைப்பு சப்பென்று இருக்கிறது, பதில் மட்டும் எப்படி உறைப்பாக வரும்? உங்கள் தலைப்புக்கு "இன்னும் வேகமாக்கலாம்", "தள்ளுபடி கொடுக்கலாம்" என்றுதான் எழுத முடியும், நானும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

நேரில் கூடினால் மொக்கைக் கேள்வியும் ஒப்பேறிவிடும், யாராவது "அதாவது என்ன சொல்ல வர்றீங்க?" என்று கேட்பார்கள், அப்படியே பேசிப் பேசிக் கேள்வி தெளிவாகும். தொலைவில் தனியாக உட்கார்ந்து மெயிலில் வந்த கேள்வியைப் படிப்பவருக்கு அந்த வசதி இல்லை. அதனால் ஆன்லைனில் நடத்துபவரின் பாதி வேலை கேள்வியைச் செதுக்குவதுதான். உங்கள் தலைப்பையே எடுத்துக்கொள்வோம். யாருடைய அனுபவம்? புதிதாகச் சேர்ந்தவர். எப்போது? முதல் பத்து நிமிடம். என்ன நடக்கிறது? பதிவுப் படிவத்தின் நடுவிலேயே மூடிவிட்டுப் போகிறார். சரி, இப்போது கேளுங்கள்: "பதிவுப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருப்பவர் பாதியில் மூடிவிட்டுப் போகாமல் இருக்க, அந்தப் படிவத்திலிருந்து எதையெல்லாம் தூக்கலாம்?" இதற்கு யாராலும் "இன்னும் வேகமாக்கலாம்" என்று எழுதித் தப்பிக்க முடியாது. கேள்வியோடு அந்தப் படிவத்தின் ஸ்க்ரீன்ஷாட்டையும் அனுப்புங்கள். இதுவரை என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்று இரண்டு வரியும் சேருங்கள், இல்லாவிட்டால் போன வருடம் தோற்றுப்போன யோசனையே மூன்று பேரிடமிருந்து வரும்.

அப்படியும் வறட்சியாக இருந்தால் தலைகீழாகக் கேட்டுப் பாருங்கள்: "ஒருத்தர்கூடப் பதிவை முடிக்கக் கூடாது என்றால் படிவத்தை எப்படி வடிவமைக்கலாம்?" கெடுப்பதற்கு யோசனை கேட்டால் எல்லாருக்கும் ஒரு தனி உற்சாகம் வந்துவிடும். எழுதி முடித்த பிறகு ஒவ்வொன்றையும் திருப்பிப் போட்டுப் பார்த்தால், அதில் நாலைந்து ஏற்கெனவே உங்கள் படிவத்தில் இருப்பது தெரியவரும். வேலையைத் தொடங்குவதற்கு முன்பே "இது தோற்றுவிட்டது, ஏன் தோற்றது என்று எழுதுங்கள்" என்று கேட்பதும் இதன் பங்காளிதான். கேரி க்ளைன் என்ற உளவியலாளர் அதற்கு ப்ரீமார்ட்டம் என்று பெயர் வைத்தார்.

கேள்வி: எங்கள் மேனேஜர் முதல் ஆளாகத் தன் ஐடியாவைச் சொல்லிவிட்டு, "இது சும்மா ஒரு தாட்தான், நீங்க ஃப்ரீயா சொல்லுங்க" என்பார். அதற்கப்புறம் எல்லாரும் சொல்வது அந்த ஐடியாவின் பேரன் பேத்திகளைத்தான். நல்ல மனிதர், கோபப்படுபவரும் இல்லை. அவரிடம் இதை எப்படிச் சொல்வது?
- பெயர் வேண்டாம் ப்ளீஸ்

பதில்: நல்ல மனிதர் என்பதால்தான் இது பிரச்சினை. கெட்ட மேனேஜர் பேச ஆரம்பித்தால் எல்லாரும் காதைப் பொத்திக்கொள்வார்கள், நல்லவர் சொன்னால் மனதார ஒத்துக்கொள்ளத் தோன்றும்.

"நீங்கள் பேசாதீர்கள்" என்று சொல்ல வேண்டாம், வேறு வேலை கொடுங்கள். "சார், கேள்வியை நீங்க விளக்குனாத்தான் எல்லாருக்கும் புரியும். விளக்கிட்டு ஒரு இருபது நிமிஷம் கழிச்சு வாங்க, எதை எடுக்கிறதுன்னு முடிவு பண்ண நீங்க கண்டிப்பா வேணும்." இதில் பொய் ஒன்றும் இல்லை. பட்ஜெட்டும் அனுமதியும் அவர் கையில்தான், தேர்ந்தெடுக்கும்போது அவர் இருந்தே ஆக வேண்டும். யோசிக்கும்போது அவர் காலில் இருந்தால், பேசாமல் இருந்தாலும் சிக்கல்தான். நேர்க்கூட்டத்தில் அவர் எங்கோ மேசையின் ஓரத்தில் இருப்பார், காலிலோ அவர் முகம் ஒரு கட்டத்துக்குள் எல்லார் எதிரிலும் இருக்கிறது. ஒரு புருவம் லேசாக ஏறினால் எல்லாரும் பார்த்துவிடுகிறார்கள்.

வந்த ஐடியாக்களில் எதை எடுப்பது என்று ஓட்டுப் போடும்போதும் இதே கதைதான், அதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு நிறுவனத்துக்காக ஒரு செஷன் நடத்தினேன். நல்ல கூட்டம், நல்ல ஐடியாக்கள், ஆளுக்கு மூன்று ஓட்டு. ஆன்லைன் போர்டில் (எல்லாரும் திரையிலேயே சீட்டு ஒட்டி, அதன் மேல் புள்ளி வைத்து ஓட்டுப் போடும் பலகை) ஓட்டு எண்ணிக்கை உடனுக்குடன் தெரியும்படி விட்டுவிட்டேன், அமைப்பில் ஒரு டிக்கை எடுக்க மறந்ததுதான் காரணம். அவர்களின் தலைவர் தன் மூன்று புள்ளிகளையும் முதலிலேயே ஒரே மஞ்சள் சீட்டில் வைத்தார். அடுத்த ஒன்றரை நிமிடத்தில் அந்தச் சீட்டே தெரியாத அளவுக்கு அதன் மேல் புள்ளிகள் அப்பிக்கொண்டன. அந்த ஐடியா கடைசியில் நடைமுறைக்கு வரவும் இல்லை, அந்த நிறுவனம் என்னை மறுபடி கூப்பிடவும் இல்லை. ஓட்டு முடியும் வரை எண்ணிக்கையை மறைத்து வையுங்கள். அந்த வசதி இல்லாத கருவி என்றால், மூன்று எண்களை உங்களுக்குத் தனிச் செய்தியாக அனுப்பச் சொல்லிக் கூட்டிக்கொள்ளுங்கள், ஐந்து நிமிட வேலை.

கேள்வி: கேமரா ஆன் பண்ணியே ஆக வேண்டுமா?
- தலை சீவாதவன்

பதில்: யோசிக்கும்போது வேண்டாம், தேர்ந்தெடுக்கும்போது வேண்டும்.

இதற்கு ஓரளவு ஆதாரமும் உண்டு. மெலனி ப்ரக்ஸ், ஜொனாதன் லெவாவ் என்ற இருவரின் ஆய்வு 2022-ல் 'நேச்சர்' இதழில் வந்தது. சுமார் 600 பேரை ஆய்வகத்தில் ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒரு சாதாரணப் பொருளுக்குப் புதுப் பயன்கள் யோசிக்கச் சொன்னார்கள். பாதி ஜோடிகள் ஒரே அறையில், பாதி வீடியோவில். வீடியோ ஜோடிகளுக்கு ஐடியா குறைவாக வந்தது. ஐந்து நாடுகளில் ஏறத்தாழ 1,500 பொறியாளர்களை வைத்துப் பார்த்தபோதும் அதேதான். அவர்கள் காட்டும் காரணம் கண். வீடியோவில் பேசுபவர் திரையையே வெறித்துப் பார்க்கிறார், ஒரே அறையில் இருப்பவர் சுவர், மேசை, மூலையில் இருக்கும் பொருள் என்று பார்வையை அலையவிடுகிறார். பார்வை அலைந்தால் மனமும் அலைகிறது. ஆனால் வந்த ஐடியாக்களில் நல்லதைத் தேர்ந்தெடுப்பதில் வீடியோ ஜோடிகள் ஒன்றும் சளைக்கவில்லை. கேமராவை அணைத்தால் சரியாகிவிடும் என்று அவர்கள் சோதித்துச் சொல்லவில்லை, அது என் ஊகம். அணைத்துவிட்டு எழுந்து நடந்து பாருங்கள். தலையும் சீவ வேண்டியதில்லை.

கேள்வி: எங்கள் டீம் மூன்று நேர மண்டலங்களில் இருக்கிறது. எனக்குக் காலை எட்டு மணி என்றால் ஒருவருக்கு இரவு பத்தரை. எப்போது வைத்தாலும் ஒருவர் தூக்கக் கலக்கத்தில்தான் வருகிறார். எப்படிச் சமாளிப்பது?
- விடியற்காலை வாசகர்

பதில்: யோசிப்பதற்கு எல்லாரும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதால், இதில் மற்றவர்களைவிட நீங்கள்தான் கொடுத்துவைத்தவர். கட்டாயத்தின் பேரிலாவது சரியாகச் செய்வீர்கள்.

முதல் நாள் கேள்வியை ஒரு படிவமாக அனுப்புங்கள், பொது ஆவணமாக வேண்டாம். படிவம் என்றால் ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. பொது ஆவணத்தில் முதலில் விழித்தவர் எழுதியதைப் பார்த்துவிட்டுத்தான் மற்றவர்கள் எழுதுவார்கள், மூன்று மண்டலம் இருந்தும் ஒரு மண்டலத்தின் யோசனையாகவே எல்லாம் இருக்கும். 24 மணி நேரம் கழித்து, வந்த எல்லாவற்றையும் பெயர் இல்லாமல் ஒரே பக்கத்தில் கொட்டி அனுப்பி, "படித்துவிட்டு ஆளுக்கு இன்னும் மூன்று" என்று கேளுங்கள். இந்த இரண்டாவது சுற்றைத் தவிர்த்துவிடாதீர்கள். முதலில் வந்ததுதான் நல்ல ஐடியா, போகப் போக வற்றிவிடும் என்று நம் எல்லாருக்கும் ஒரு நினைப்பு இருக்கிறது. லூகஸ், நோர்ட்கிரன் என்பவர்கள் 2020-ல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். அப்படி வற்றுவதில்லை, பின்னால் வருவது முன்னால் வந்ததற்குச் சமமாகவோ அதைவிட நன்றாகவோதான் இருந்தது. வற்றிவிட்டது என்று நினைத்து நாமாகத்தான் நிறுத்திக்கொள்கிறோம்.

கெடு கொடுக்கும்போது "நாளைக்குள்" என்று எழுதாதீர்கள். யாருடைய நாளை? கிழமை, மணி, மண்டலம் மூன்றையும் எழுதுங்கள். கடைசியில் தேர்ந்தெடுக்க மட்டும் 45 நிமிடக் கால். தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளும் முறையை மாதாமாதம் சுற்றிவிடுங்கள், தலைமை அலுவலகத்துக்கு எப்போதும் பகல் பதினொரு மணி என்று இருந்தால் மற்றவர்கள் வாயால் சொல்ல மாட்டார்கள், எழுதுவதைக் குறைத்துக்கொள்வார்கள்.

கேள்வி: பாதிப் பேர் அலுவலக மீட்டிங் ரூமில், பாதிப் பேர் திரையில். ரூமில் சிரிக்கிறார்கள், எதற்கென்று எங்களுக்குத் தெரிவதில்லை.
- திரைக்குள் இருப்பவள்

பதில்: இருக்கிற வகைகளிலேயே மோசமானது இதுதான். ஒரே ஒருவர் திரையில் இருந்தாலும் எல்லாரும் திரைக்கு வரட்டும்: ரூமில் இருப்பவர்களும் ஆளுக்கு ஒரு லேப்டாப், ஆளுக்கு ஒரு ஹெட்செட், முடிந்தால் அவரவர் இருக்கையிலிருந்தே. சுவரில் உள்ள வெள்ளைப் பலகையில் யாரும் எழுதக் கூடாது. சிரித்தால் எதற்கு என்று சாட்டில் போட வேண்டும்.

கேள்வி: எந்தக் கருவி நல்லது? மிரோ, மியூரல், ஃபிக்ஜாம் என்று ஆன்லைன் போர்டுகள் எல்லாம் பார்த்தாயிற்று.
- ஒரு டிசைனர்

பதில்: உங்கள் டீமில் கம்ப்யூட்டருக்கு மிகவும் பயப்படுபவர் எதைச் சொல்லிக்கொடுக்காமலேயே பயன்படுத்துவாரோ, அது. டிசைனர்களுக்கு இந்தப் போர்டுகள் விளையாட்டு மைதானம், கணக்குப் பிரிவிலிருந்து வருபவருக்கு அது நடுக்கடல். ஒரு தடவை பதினாலு பேரை ஒரே போர்டில் இறக்கிவிட்டேன், பெயர் தாங்கிய கர்சர்கள் ஈ மொய்ப்பதுபோல் மொய்த்தன, ஒருவர் எழுதிய சீட்டை இன்னொருவர் தெரியாமல் இழுத்துக்கொண்டே போனார், போனிலிருந்து சேர்ந்த இரண்டு பேருக்கு எழுத்தே தெரியவில்லை. அன்றிலிருந்து யோசிப்பதற்குச் சாதா ஷீட், வந்ததை இனம் பிரிக்க மட்டும் போர்டு.

கேள்வி: பெயர் இல்லாமல் எழுதச் சொல்கிறீர்கள். போன முறை நான் எழுதிய ஐடியாவை இன்னொருவர் தன்னுடையதுபோல் மேலிடத்தில் சொல்லிப் பாராட்டு வாங்கிவிட்டார். நான் ஏன் இனி எழுத வேண்டும்?
- வயிறு எரிந்தவர்

பதில்: எரியத்தான் செய்யும். பெயரை மறைப்பது தேர்ந்தெடுக்கும் வரைக்கும்தான், அதற்குப் பிறகு திறந்துவிட வேண்டும். நடத்துபவரிடம் யார் எதை எழுதினார்கள் என்ற பட்டியல் இருக்கட்டும், ஓட்டு முடிந்ததும் தேர்வான மூன்றுக்கும் பெயரைப் போட்டு, "இதைத் தொடங்கியவர் இன்னார், இன்னின்னார் வளர்த்தார்கள்" என்று கூட்டக் குறிப்பில் எழுதி எல்லாருக்கும் அனுப்பட்டும். மேலிடத்துக்கும் அதே குறிப்பு. இதை அடுத்த செஷனுக்கு முன்பே உங்கள் லீடிடம் கேட்டுவிடுங்கள், நடந்ததைச் சொல்லியே கேளுங்கள். மறைமுகமாகக் கேட்டால் அவருக்குப் புரியாது.

கேள்வி: இத்தனை பாடு எதற்கு? ஏஐயிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் ஐம்பது ஐடியா கொடுக்கிறதே?
- அவசரக்காரர்

பதில்: கொடுக்கிறது, நானும் கேட்கிறேன். ஆனால் எப்போது கேட்கிறோம் என்பதில்தான் விஷயம். 2024-ல் தோஷி, ஹவுசர் என்ற இருவர் சிறுகதை எழுதுபவர்களை வைத்துச் செய்த சோதனையில், ஏஐ கொடுத்த யோசனையோடு எழுதியவர்களின் கதைகள் தனித்தனியாகப் பார்த்தால் மெருகாக இருந்தன, ஆனால் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒன்றுக்கொன்று சாயலாக இருந்தன. பதினோரு பேரும் தங்கள் வீட்டில் உட்கார்ந்து தனியாக யோசிப்பதாக நினைத்துக்கொண்டு ஒரே பெட்டியிடம் கேட்டால் உங்களுக்குக் கிடைப்பது ஒரே ஆளின் பதினோரு கடிதம். முதலில் சொந்தமாக எழுதி ஒட்டட்டும். பிறகு எல்லார் பட்டியலையும் அதனிடம் கொடுத்து, "இதில் இல்லாதது என்ன?" என்று கேளுங்கள். ஒரே மாதிரி இருப்பவற்றைச் சேர்த்துக் கட்டவும் கைகொடுக்கும், அந்த வேலையை யாரும் விரும்பிச் செய்வதில்லை. ஆனால் உங்கள் அலுவலக ரகசியங்களை அதில் போடலாமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: செஷன் நன்றாக நடந்தது. 84 சீட்டுகள். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து குரூப்பில் போட்டோம், எல்லாரும் கைதட்டினார்கள். மூன்று மாதம் ஆகிறது. ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த செஷனுக்கு யாரும் வர மாட்டேன் என்கிறார்கள்.
- இன்னொரு டீம் லீட்

பதில்: நானாக இருந்தாலும் வர மாட்டேன். நேரம் முழுக்க யோசிப்பதில் போய், கடைசி நான்கு நிமிடத்தில் "சூப்பர், இதையெல்லாம் தொகுத்து அனுப்புறேன்" என்று முடித்திருப்பீர்கள். தொகுப்பது என்பது ஐடியாக்களைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவது. ஒரு மணி நேரக் கால் என்றால் கடைசி 25 நிமிடத்தைத் தேர்வுக்கென்றே ஒதுக்குங்கள், அதற்குத்தான் நேருக்கு நேர் பேச்சு வேண்டும், வாக்குவாதம் வேண்டும், கேமராவும் வேண்டும். ஒரே மாதிரி இருப்பவற்றைச் சேர்த்தால் 84 என்பது இருபதாகும். மறைவாக ஓட்டு, மேலே வரும் ஆறை மட்டும் பேசுங்கள், மூன்றை எடுங்கள்.

அந்த மூன்றையும் "செயல்படுத்த வேண்டும்" என்று எழுதினால் மறுபடி மூன்று மாதம் போகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள், ஒரு சின்னப் பரிசோதனை, ஒரு தேதி. உதாரணமாக, "பதிவுப் படிவத்தில் பிறந்த தேதிக் கட்டத்தை எடுப்பது" என்பது ஐடியா. "வியாழக்கிழமை முதல் ஒரு வாரம், புதிதாக வருபவர்களில் பாதிப் பேருக்கு மட்டும் அந்தக் கட்டம் இல்லாமல் காட்டி, எத்தனை பேர் முடிக்கிறார்கள் என்று எண்ணுவது, பொறுப்பு இன்னார்" என்பது வேலை. பெயர் விழும் அந்த நிமிடத்தில் காலில் ஒரு அமைதி வரும், பயந்துபோய் நீங்களே பேசி அதை நிரப்பிவிடாதீர்கள், பத்து வினாடி பொறுத்தால் ஒருவர் மியூட்டை எடுப்பார்.

இப்போதைக்கு அந்த 84-க்கும் ஒரு வழி செய்யுங்கள். எதை எடுத்தீர்கள், எதை விட்டீர்கள், ஏன் விட்டீர்கள் என்று ஆளுக்கு ஒரு வரி வருகிற மாதிரி டீமுக்கு ஒரு மெயில் போடுங்கள். "உங்கள் யோசனை நல்லது, ஆனால் சட்டப் பிரிவு ஒத்துக்கொள்ளாது" என்று ஒரு வரி கிடைத்தவர் அடுத்த முறை வருவார், ஒன்றுமே கிடைக்காதவர்தான் வர மாட்டார்.

கேள்வி: நீங்கள் போன மாதம் எனக்குத் தனியாக எழுதிய பதிலின்படி பத்து நிமிட அமைதியை வைத்தேன். மூன்றாவது நிமிடத்தில் எங்கள் டைரக்டர் "ஹலோ, ஹலோ, நெட் போயிடுச்சா? யாருக்காவது கேக்குதா?" என்று கத்த, எல்லாரும் மியூட்டை எடுத்து "கேக்குது சார், கேக்குது சார்" என்று சொல்ல, அத்தோடு போயிற்று. என்ன செய்யலாம்?
- பாவப்பட்டவர்

பதில்: ஸ்க்ரீன் ஷேர் போட்டு, பெரிய எழுத்தில் ஒரு டைமர் ஓடவிடுங்கள். அதற்கு மேல், "எல்லாரும் எழுதிக்கொண்டிருக்கிறோம். நெட் நன்றாகத்தான் இருக்கிறது சார்."